கதவில் வெள்ளைத் திட்டு

இதய ஆபரேஷன் முடிந்து அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தம்பி அவரைக் கேட்காமல் அவர் காரை எடுத்துப்போய் ஒரு கேட்டில் உரசிவிட்டான். கதவில் விரல் நீளத்துக்குக் கீறல். அண்ணனுக்கு அந்தக் கார் என்றால் உயிர். தம்பி பாலிஷ் மெஷினை இரவல் வாங்கி ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தான். கீறல் போனது, கூடவே பெயின்ட்டும் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பல்லிளித்தது.

பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனான். பெயின்டர் தடவிப் பார்த்தார். "கீறல் மேல்பூச்சுலதாங்க இருந்திருக்கும். நீங்க கலரையும் தாண்டித் தேய்ச்சிருக்கீங்க. இனி கதவு முழுக்க அடிக்கணும்."

"சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வர்றாருங்க. பார்த்தா என்னைத் தொலைச்சுக்கட்டிடுவாரு."

பெயின்டர் சிரித்தார். உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, வெள்ளிக்கிழமை மதியம் கலரும் மேல்பூச்சும் கொடுத்து முடித்தார். தம்பி பார்க்க வந்து நின்றபோது போன் அடித்தது. அண்ணி.

"நர்ஸ் எழுப்பினாங்க தம்பி. அவர் எழுந்திரிக்கவே இல்லை."

பெயின்டர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். "பாருங்க, உங்கண்ணன் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது."

தம்பி குனிந்து பார்த்தான். திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

"நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டு, சாவியைக்கூட வாங்காமல் தெருவில் இறங்கி ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தான்.