இரண்டு குட்டி மெத்தைகள்

சோடாபுட்டியோடு நான் பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு வாளி. கல்லூரி விடுதியில் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, அரைமணி நேரம் குழாயடியில் நின்று நான் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அவள் தூக்கிக்கொண்டு போய்க் குளித்துவிட்டாள். குளித்ததோடு விட்டாளா, பாட்டு வேறு. ஈரத் தலையோடு வெளியே வந்து, "அய்யய்யோ, உங்க வாளியா? கண்ணாடி போடலன்னா எனக்கு எல்லா வாளியும் ஒண்ணுதாங்க" என்று சிரித்தாள்.

"கண்ணு தெரியலன்னா தடவிப் பாத்து எடுக்க வேண்டியதுதானே" என்றேன்.

சொன்ன மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது ஒரு 'சாரி' சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் திட்டுவதற்கென்றே படைக்கப்பட்டதாயிற்றே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காலி வாளியோடு அறைக்கு வந்துவிட்டேன்.

விடுதி என்று பெயர்தான். பழைய நீளக் கூடம் ஒன்றை பிளைவுட் பலகையால் தடுத்துத் தடுத்து அறை ஆக்கியிருந்தார்கள். பக்கத்து அறையில் ஒருத்தி தும்மினால் இந்தப் பக்கம் நாம் துடைத்துக்கொள்ள வேண்டும். என்னோடு தங்க வந்தவள் பத்தே நாளில் வேறு அறைக்கு மாறிப் போய்விட்டாள். வார்டன் காரணம்கூடக் கேட்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாள் என்று நினைக்கிறீர்கள்? அவளேதான். சோடாபுட்டியும், எந்நேரமும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அவளுடைய அறைத்தோழியும்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வேன். என் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் கெட்டுப்போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச முடியும்.

"என்னடி சிடுமூஞ்சி, இன்னிக்கு யாரோட பேசின?" இதுதான் அம்மாவின் முதல் கேள்வி. சாப்பிட்டாயா, படித்தாயா எல்லாம் அப்புறம்.

அம்மா பத்தாம் வகுப்போடு தையல் மிஷினில் உட்கார்ந்தவள். பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் காலர் மட்டுமே தைத்தாள். முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்து நான் பார்த்ததில்லை. இதயம் வீங்கிவிட்டது, கால் வீங்கிவிட்டது என்று கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிய வருடம்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். வரும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "படிப்ப மட்டும் படிச்சிட்டு வந்து நிக்காத. கொஞ்சம் ஊரச் சுத்து, கொஞ்சம் சிரி, ஒரு சிநேகிதியப் புடி."

ஒரு மாதம் வரைக்கும் "யாரோடயும் பேசலம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் அம்மா மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும்.

அப்படி ஒருநாள் ஆறரை மணிக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் சோடாபுட்டி கதை அளந்துகொண்டிருந்தாள். மதியம் வகுப்பு முடிந்ததும் நிறுத்தத்தில் முதலில் வந்த பஸ்ஸில், எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறினாளாம். கடைசி நிறுத்தம் வரை போனாளாம். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போன நேரத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாளாம். டிரைவர் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தாராம்.

ஏழு மணிக்கு அம்மா கேட்டாள். என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "இன்னிக்கு நானும் என் ஃபிரண்டும் பஸ்ல போனோம்மா."

"ஃபிரண்டா! யாருடி?"

"சோடாபுட்டின்னு கூப்பிடுவோம்."

அம்மா சிரித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். இருமல் நின்றதும், "அந்த ஹாரன மறுபடியும் சொல்லு" என்றாள். அதற்கு அப்புறம் எங்கிருந்து நிறுத்துவது?

தினமும் ஆறரைக்குப் பலகையில் காதை வைத்துத் திருடுவேன். ஏழு மணிக்கு அம்மாவிடம் விற்றுவிடுவேன். சோஃபா கடைக்குள் புகுந்து வாங்கப் போகிறவள் மாதிரி எல்லா சோஃபாவிலும் உட்கார்ந்து பார்த்தது. கடைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. நூலகத்தில் பதினெட்டு வருடமாக யாருமே எடுக்காத ஒரு புத்தகத்தை எடுத்து, 'பாவம், வெளிக்காத்து படட்டும்' என்று பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. எல்லாவற்றிலும் அவள் பக்கத்தில் நான் ஒருத்தி. சும்மா சொல்லக் கூடாது, என் பங்குக்கு நானும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். "நான் சோஃபால உக்கார மாட்டேன்னு முறைச்சுக்கிட்டே நின்னேன்மா. அவதான் கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சா." அம்மாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். என் பெண் அங்கேயும் முறைத்தாள் என்றால் கதை நிஜம்தான் என்று நம்பியிருப்பாள்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக் கதை வந்தது. விடுதி மொட்டைமாடியில் ஏணி வைத்துத் தொட்டிக்கு மேல் ஏறி, உச்சி வெயிலில் பன் சாப்பிட்டாளாம். "சிமெண்டு அப்படிச் சுடுது, பின்பக்கம் வெந்தே போச்சு!" அதையும் அப்படியே சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அடிப்பாவிங்களா, வெறும் சிமெண்டுலயா உக்காந்தீங்க? சூடு புடிச்சுக்கும்டி" என்று கவலைப்பட்டாள்.

அடுத்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா லாரியோடு எங்கோ இருந்தார். சித்திதான் கூட இருந்தாள். போனில் அம்மாவின் குரல் பாதியாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரும்போது அவளையும் கூட்டிட்டு வா."

"அவளுக்குப் பரீட்சை இருக்கும்மா."

"உனக்கு இல்லாத பரீட்சை அவளுக்கு எங்கிருந்துடி வந்துது?"

"அவ வேற டிபார்ட்மெண்ட்." பொய்க்கு ஒட்டுப் போடுவது எனக்கு அப்போது கைவந்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போனேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் முகத்துக்கு வந்தாள். கையெல்லாம் வீங்கியிருந்தது. தலையணைக்கு அடியில் எதையோ அவசரமாகத் தள்ளி மறைத்தாள். நான் கேட்கவில்லை.

"உன் கோவத்துக்கு நீ தனியாவே நின்னுடுவியோன்னு எனக்குப் பயம்டி" என்றாள். "அந்தப் பொண்ண ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும். எனக்கு அப்புறம் உனக்கு ஆளு இருக்குன்னு நிம்மதியா இருப்பேன்."

"அடுத்த ஞாயிறு கண்டிப்பா கூட்டிட்டு வரேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. என்னவென்று போய்க் கேட்பது? 'உனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னவதான் நான், உன் கதையெல்லாம் திருடித்தான் எங்கம்மாவச் சிரிக்க வெச்சேன், இப்ப வந்து எனக்கு சிநேகிதியா நடிச்சுக் குடு' என்றா? புதன்கிழமை அவள் அறை வாசல் வரை போய்க் கையைக்கூடத் தூக்கிவிட்டேன். தட்டவில்லை. அவள் ஏதாவது ஏளனமாகச் சொல்லிவிட்டால்? வீம்பு என்னைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் நான்கு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சித்தி போன் செய்தாள். "கெளம்பி வந்துடும்மா" என்றாள். என்ன சத்தம் போட்டேன் என்றுகூட நினைவில்லை. போட்டிருந்த உடையோடு பஸ் ஏறினேன்.

மதியம் வீடு நிறைய ஆட்கள். அம்மாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். கம்பெனிப் பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று எரிச்சல், யாரோ செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று எரிச்சல்.

அப்போது வாசலில் சோடாபுட்டி நின்றாள். வேர்வையில் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. கையில் ஒரு பையில்லை, ஒன்றுமில்லை. நேராக அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அம்மா முகத்தையே பார்த்தாள்.

சித்தி அவளைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "நீதானேம்மா அது? கண்ணாடியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நேத்துகூட உன் கதையத்தான் நர்ஸுகிட்ட சொல்லிட்டு இருந்தா. சோஃபா கடைக்காரன் தண்ணி குடுத்தானாமே" என்று சித்தி அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்தது அவளுக்கு.

இவள் இப்போது 'யாரு, நானா?' என்று கேட்கப் போகிறாள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் பொய் உடையப் போகிறது.

"ஆமா சித்தி" என்றாள் சோடாபுட்டி. "எனக்கு ஒரு டம்ளர், இவளுக்கு ஒரு டம்ளர் குடுத்தாரு. இவ உக்கார மாட்டேன்னு முறைச்சுக்கிட்டே நின்னா. நான்தான் கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சேன்."

நான் முறைத்ததையும், அவள் கையைப் பிடித்து இழுத்ததையும் நான் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். என் அறையில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் போனில்.

கொல்லைப்புறக் குழாயடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். "எல்லாம் கேட்டுச்சா உனக்கு?"

"பலகைக்கு ரெண்டு பக்கமும் காது உண்டுடி. காலைல நீ கத்தினதும் கேட்டுது, வார்டன்கிட்ட அட்ரஸ் வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்" என்றாள். "முதல் நாளு கோவம்தான் வந்துது. என்னைத் திட்டிட்டு என் கதையவே எடுத்து விடுறாளேன்னு. அப்புறம் உங்கம்மா சிரிச்சாங்க பாரு. எங்கம்மா அப்படி என் பேச்சக் கேட்டுச் சிரிச்சதே இல்ல. அதுக்கப்புறம் நாளைக்கு என்ன பண்ணலாம், அவங்க எதுக்குச் சிரிப்பாங்கன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் சுத்தினேன்."

"உன் ரூம்மேட்கிட்டதானே சொல்லிட்டு இருந்த?"

"முதல் நாளு மட்டும்தான் அவ இருந்தா. மத்த நாளெல்லாம் ஆறு மணிக்கே டியூஷன் எடுக்கப் போயிடுவா. ரூம்ல யாருமே இருக்க மாட்டாங்க. பலகையப் பாத்துதான் பேசுவேன்."

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கண்ணாடி இல்லாத முகத்தை நான் அந்த வாளிச் சண்டைக்குப் பிறகு அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வான்னு அவங்க சொன்னதும் கேட்டுது. நீ வந்து கூப்பிடுவேன்னு காத்துட்டு இருந்தேன். புதன்கிழமை கதவுக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சுது. தட்டுவ, தட்டுவன்னு கட்டில்லயே உக்காந்திருந்தேன். நானாவது எழுந்து தெறந்திருக்கணும். அன்னிக்கு நீ சொன்னது இன்னும் கொஞ்சம் வலிச்சுது. அதான்."

"சாரி" என்றேன். மூன்று மாதம் தாமதமாக. அதற்குள் அந்த வார்த்தை யாருக்கும் உதவாமல் போயிருந்தது. அங்கேயே குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லாரும் போனபின் சித்தி ஒரு துணி மூட்டையை எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள். நீலச் சீருடைத் துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டு, உள்ளே கந்தல் அடைத்த இரண்டு குட்டி மெத்தைகள். "ஆஸ்பத்திரியில ஊசி நூல் வெச்சிருக்கக் கூடாதுன்னு நர்ஸு கத்தினா. இவ எங்க கேட்டா? புள்ளைங்க வெறும் சிமெண்டுல உக்காருதுங்கன்னு ஒரே புலம்பல்."

சோடாபுட்டிக்கு உரியதைத்தான் முதலில் தைத்தாளாம், சித்தி சொன்னாள். விருந்தாளியாயிற்றே. அதில் தையல் காலர் தையல் மாதிரி நேராக ஓடியது. என்னுடையதில் நூல் இங்கும் அங்கும் அலைந்திருந்தது. கடைசிப் பக்கம் மூடவில்லை. ஊசி துணியிலேயே குத்தி நின்றது.

இரண்டு வாரம் கழித்து விடுதிக்குத் திரும்பினேன். அன்று உச்சி வெயிலில் சோடாபுட்டி வந்து கதவைத் தட்டினாள். இரண்டு மெத்தைகளையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். ஏணியில் அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால். தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"சூடே இல்லையே?"

"உள்ள தண்ணி இருக்குல்ல, மேல மரத்து நிழலும் விழுது. எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும்."

"வெந்துபோச்சுன்னு சொன்னியே?"

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அம்மா சிரிப்பாங்கன்னு சொன்னேன்டி. இப்படித் தைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வழக்கம்போல் முதலில் கோபம்தான் வந்தது. இல்லாத சூட்டுக்காக, மடக்க முடியாத விரல்களை வைத்துக்கொண்டு அம்மா ஊசி பிடித்தாளே. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தேடிப் பார்த்தேன். எதிரில் கண்ணாடி இல்லாத கண்ணில் தண்ணீரோடு ஒருத்திதான் இருந்தாள். அவளுடைய மெத்தையை விரித்துக் கொடுத்தேன். என்னுடையதை, மூடாத பக்கம் வெளியே தெரியாமல் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் பன்னை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். கீழே சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

"இத அம்மாகிட்ட சொல்லணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பன் என் கையிலேயே இருந்தது.