அழைத்த வீடுகளுக்கு மறுபடியும்

அன்று காலை மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: கபாலி, அவர் மனைவி சுப்புலக்ஷ்மி, கபாலியின் தம்பி சாய்நாத், சாய்நாத்தின் மனைவி கற்பகம், அவர்களுடைய ஒரே மகள் ஸ்நேஹா. வேறு யாரும் இல்லை. அங்கே பேசியதைத் தன் காதால் கேட்டதாக ஆறாவது ஆள் யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

பேசிய விஷயம் ஸ்நேஹாவின் கல்யாணம். அது நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பையனையும் அவன் பெற்றோரையும் எதிரில் உட்கார்த்தி வைத்து, மன்னிக்க வேண்டும், எனக்கு இது சரிவராது என்று முந்தின நாள் அவளே சொல்லிவிட்டாள். அவர்களும் மரியாதையாகவே எழுந்து போனார்கள். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் தகவல் போயாகிவிட்டது. பாக்கி இருந்தது ஊர்தான்.

சாய்நாத் கைப்பேசியில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆரம்பிக்கும் செய்தி ஒன்றை அடித்து முடித்து, கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கற்பகம் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டு என்றார்.

"நிறுத்து" என்றார் கபாலி.

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. நாற்காலிக்கு முதுகு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் வெளியே போகும் வார்த்தை அவர் வாய் வழியாகத்தான் போகும்.

"ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிக்கோ. ஆனா நாம நேர்ல போய்த் தட்டு வெச்சு அழைச்சவாளுக்கு நேர்லதான் போய்ச் சொல்லணும். அழைக்கறதுக்கு மட்டும் கால் இருந்தது, இல்லைன்னு சொல்ல விரல்தான் இருக்குன்னு ஆயிடப்படாது."

அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது என்று சாய்நாத் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்றிலிருந்து உண்டு என்றார் கபாலி.

அடுத்த சிக்கல், கையில் என்ன கொண்டுபோவது என்பது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. குங்குமமும் கல்கண்டும் கொண்டுபோனால் அபத்தம். இனிப்பு வாங்கினால் கல்யாணம் நின்றதைக் கொண்டாடுவதுபோல் ஆகும். சுப்புலக்ஷ்மி சமையலறை வாசலில் சற்று நேரம் யோசித்தார். பிறகு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவானது பூவன் பழம் ஒன்றுதான், வீட்டுக்கு ஒரு சீப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

கண்ணில் புரை அறுவைக்குப் பிறகு கபாலி கார் ஓட்டுவதில்லை. வாடகைக் கார் சொல்லலாம் என்றபோது ஸ்நேஹா சாவியை எடுத்தாள். பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற காரியமா இது என்று கற்பகம் பதறினார்.

"நான் வராம பெரியப்பா மட்டும் போனா, நான் ஆத்துக்குள்ள ஒளிஞ்சிண்டிருக்கேன்னு ஆயிடும்மா" என்றாள் ஸ்நேஹா.

கௌரவத்தை முன்வைத்து யார் பேசினாலும் கபாலியால் மறுக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

காரில் ஏறியதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டும். அது மட்டும் போதும்.

அங்கேதான் கபாலிக்கு இடித்தது. காரணம் என்ன என்று முந்தின இரவே அவளிடம் கேட்டிருந்தார். பையன் கெட்டவன் இல்லை என்றுதான் ஆரம்பித்தாள். நிச்சயம் ஆன நாளிலிருந்து ஆறு மாதமாகத் தினமும் பேசுகிறான். அவன் ஆபீஸ், அவன் ஜிம், அவன் மேனேஜர். இவள் அடையாற்றில் ஒரு கண் மருத்துவமனையில் நாள் முழுக்க நின்றபடி கண் பரிசோதித்துவிட்டு வருகிறவள். ஒரு நாள்கூட, நீ சாப்பிட்டியா என்று அவன் கேட்டதில்லை.

இதைக் கேட்ட கபாலிக்குப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. ஆனால் வெளியே எடுத்துக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் வைக்கக்கூடிய காரணமாகவும் அது தோன்றவில்லை. குடி, கடன், வேறு பெண் என்று ஏதாவது இருந்தாலாவது ஊர் தலையாட்டும். 'சாப்பிட்டியா'வுக்காக ஒரு கல்யாணமா? நாளைக்கு வேறு இடம் பார்க்கும்போது, அது வாய்த்துடுக்கான பெண் என்று இதையே திருப்பிச் சொல்வார்கள். ஆகவே அவர் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார்: இரு வீட்டாரும் கலந்து பேசி நிறுத்திக்கொண்டோம். யார் தலையிலும் பழி விழாத, நிமிர்ந்து நிற்கிற வாக்கியம். பேச்சு முழுக்க என்னுடையது, நீ வண்டியை மட்டும் பார்த்துக்கொள் என்றார். ஸ்நேஹா கியரை மாற்றினாள். மெட்ரோ வேலைக்காகப் பாதித் தெருக்களை அடைத்திருந்ததால், பக்கத்து மந்தைவெளிக்கே ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

மந்தைவெளியில் லாரன்ஸ், கபாலியோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவர். வாக்கியத்தைக் கேட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. காபி வந்தது, குடித்தார்கள். எழுந்தபோது கபாலியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தி, ஸ்நேஹாவைப் பார்த்தும் பார்க்காமலும், "பாப்பாவுக்காக ஜெபம் பண்றேன் சார். கர்த்தர் எல்லாத்தையும் ஆத்துவாரு" என்றார். சாவு வீட்டில் அழுத்துகிற அழுத்தல் அது. கபாலி வழி முழுக்க அந்தக் கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

சிந்தாதிரிப்பேட்டையில் தங்கவேல். கபாலியிடம் லைன்மேனாக இருந்தவர், இப்போது மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வாக்கியம் முடிவதற்குள் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"இன்னா சார் கேட்டானுங்க? காரா, ஃப்ளாட்டா?"

அப்படி எதுவும் இல்லை என்றார் கபாலி.

"நீ பெரிய மன்சன் சார், சொல்ல மாட்ட. ஏரியா மட்டும் சொல்லு. நாலு பேர இட்டுக்கினு போய் டீசண்டா பேசிட்டு வந்துடறேன்."

தங்கவேல் டீசண்டாகப் பேசுவது எப்படி இருக்கும் என்று கபாலிக்குத் தெரியும். வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் வேர்த்துவிட்டது. வரதட்சணை கேட்டார்கள் என்று பையன் வீட்டின் மேல் அபாண்டம் விழுந்தது ஒரு பக்கம். கொடுக்க வக்கில்லாமல் கல்யாணம் நின்றுபோன வீடு என்று தன் வீட்டின் மேல் விழுந்தது இன்னொரு பக்கம்.

மூன்றாவது வீடு தி. நகரில், பனகல் பார்க் பக்கத்தில். கபாலியின் பெரியப்பா மகள் கோமளம். எண்பது வயது. சொந்தபந்தத்தில் எந்தச் செய்தியும் அவரைத் தொட்டுவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். வாக்கியத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, கோமளம் ஸ்நேஹாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா குறை சொன்னா கொழந்தையை? நிறமா?"

"குறையெல்லாம் இல்லைக்கா. கலந்து பேசி..."

"இரு வீட்டாரும் கலந்து பேசின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்." அவர் குரல் தழைந்தது. பாலவாக்கத்தில் ஒரு வரன் இருப்பதாகச் சொன்னார். முப்பத்தொன்பது வயது, முதல் தாரம் விட்டுவிட்டுப் போய்விட்டாள், மற்றபடி ஒரு குற்றம் சொல்ல முடியாது. "நாமளும் கொஞ்சம் இறங்கிதான் வரணும் கபாலி. ஒருத்தன் வேண்டாம்னுட்டுப் போன பொண்ணு."

கபாலி தம்பி மகளைப் பார்த்தார். முகவாய் இன்னும் அக்காவின் கையில் இருந்தது. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை, வாக்குக் கொடுத்தவள்போல் வாயை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள். காலையிலிருந்து யாரும் அவளைத் திட்டவில்லை. மூன்று வீட்டிலும் பரிதாபப்பட்டார்கள். நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்து மூன்று வீடு பரிதாபப்படும்படி நாமே கூட அழைத்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாய்த்துடுக்கு என்று சொல்லட்டும். திமிர் என்று சொல்லட்டும். மயிலாப்பூர் வீட்டில் திமிர் ஒன்றும் புதிது இல்லை. ஆனால் ஐயோ பாவம் என்ற வார்த்தை அந்த வாசலை இதுவரை தாண்டியதில்லை.

"அக்கா, அவ முகத்தை விடு" என்றார். "யாரும் இவளை வேண்டாம்னு சொல்லலை. இவதான் அவனை வேண்டாம்னா."

"பொண்ணா?"

"பொண்ணுதான். அவா எல்லாரையும் எதிர்ல வெச்சிண்டு, தலை நிமிர்ந்து சொன்னா. நான் பக்கத்துல இருந்தேன்."

"எதுக்காம்?"

கபாலி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆறு மாசமா தினம் பேசறான். ஒரு நாள் இவளைச் சாப்பிட்டியான்னு கேக்கலை."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். கோமளம் சிரிக்கவில்லை. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த கணவரின் படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"உங்க அத்திம்பேரும் கேட்டதில்லை" என்றார். "இப்படிச் சொல்லி எழுந்து வரலாம்னு அப்போ எனக்கு யாரும் சொல்லலை." அவ்வளவுதான். பாலவாக்கத்து வரன் அதோடு போயிற்று. உள்ளே எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். "நீ சாப்பிட்டியாடி?" என்று குரல் வந்தது. ஸ்நேஹா சாப்பிட்டுவிட்டேன் அத்தை என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று அடை தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க முடிந்தது.

காரில் உட்கார்ந்ததும் அவள் அடுத்தது வடபழனிதானே என்று கேட்டாள்.

"இல்லை. சிந்தாதிரிப்பேட்டை. அப்புறம் மந்தைவெளி."

"அங்கெல்லாம் சொல்லியாச்சே பெரியப்பா."

"தப்பாச் சொல்லியிருக்கோம்."

ஸ்நேஹா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முன்கண்ணாடி வழியாகப் போக்குவரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் இறங்கி இன்னும் இரண்டு சீப்பு வாங்கினார். சொல்வது மாறினாலும் முறை மாறக் கூடாது.

தங்கவேல் கடையில் நாலு பேரைச் சேர்க்கும் வேலை உண்மையிலேயே தொடங்கியிருந்தது. கபாலி அவர்களையும் வைத்துக்கொண்டே சொன்னார். பெண் வேண்டாம் என்றாள், காரணம் இது, பையன் வீட்டார் ஒரு பைசா கேட்டதில்லை. தங்கவேல் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். உள்ளேயிருந்து அவர் மனைவி தேவானை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"துன்னியான்னு கூடவா கேக்கல? எங்க வூட்டுது சண்ட போட்டுக்கினு போனாக்கூட தெருமுனைல நின்னு போன் பண்ணிக் கேக்கும். நல்ல வேல பண்ண கண்ணு." பிறகு கபாலி பக்கம் திரும்பினார். "இத்த காத்தாலயே சொல்லிருந்தா இன்னா சார்? கொயந்த இன்னாவோ தப்பு பண்ணிச்சோன்னு நெஞ்சு அடிச்சிக்கினு கீது எனக்கு."

பக்கத்துக் கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வந்தது. ஸ்நேஹாவுக்குத்தான் வந்தது. ஆனால் அவள் திணறுவதைப் பார்த்து, வெளியில் கை நனைக்காத கபாலியும் ஒன்று எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

மந்தைவெளியில் லாரன்ஸ் இரண்டாம் முறை கதவைத் திறந்தபோது முகத்தில் மறுபடியும் அந்தச் சாவு வீட்டுக் களை வந்தது. கபாலி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். லாரன்ஸ் ஒரு கணம் விழித்துவிட்டு, அப்படியானால் ஜெபத்தை அந்தப் பையனுக்கு மாற்றிவிடலாமே என்றார். ஸ்நேஹா காலையிலிருந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவர் மனைவி கேக்கோடு வருவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

அடையாறு, வடபழனி வீடுகளுக்கு மறுநாள் போனார்கள். வாசலில் பழத்தை நீட்டிவிட்டு, கபாலி ஓரமாக நின்றுகொண்டார். ஸ்நேஹாவே சொன்னாள். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள். கபாலி பதிலுக்கு இன்னும் நிமிர்ந்து நின்றார். அவளுக்கு வேறு வரன் எதுவும் வரவில்லை. அவளும் அவசரப்படவில்லை. கற்பகம் மட்டும் நாள் தவறாமல் கொஞ்ச நேரம் கவலைப்பட்டுவிட்டு, மற்ற வேலைகளைப் பார்க்கிறார்.

கபாலியின் கார் ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போனதைப் பார்த்தவர்கள் சிலர், நின்ற கல்யாணம் மறுபடியும் கூடிவிட்டது, பையன் வீட்டார் இறங்கி வந்தார்கள், அதைச் சொல்லத்தான் பெரியவர் அவசரமாகத் திரும்பி ஓடினார் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. கல்யாணம் கூடவில்லை. யாரும் இறங்கி வரவில்லை. பெண் வேண்டாம் என்று சொன்னாள், அதைச் சொல்லத்தான் பெரியப்பா போனார்.