பலாப்பழத்துக்கு அடியில் ஒரு கையெழுத்து

டீ குடித்துவிட்டுத் தேவயானி திரும்பி வந்தபோது, அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியின் மேல் பதினொரு பேர் மும்முரமாக வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு அவர்கள்மேல் இல்லை. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இந்தக் கூடத்தைக் கட்டிய ஓவியர் ஜீவானந்தம், மனசு நொந்து வருகிறவர்களைப் படம் வரைய வைத்தே தேற்றியவர். வெள்ளைத் தாளைக் கண்டால் யாருக்கும் கை நடுங்கும் என்பது அவர் கட்சி. அதனால் எழுதித் தீர்ந்த பழைய தாள்களைத்தான் கொடுப்பார். வாசல் பெஞ்சில் எந்தத் தாள்கட்டு இருந்தாலும் அது வரைவதற்கு. போன வருடம் அவர் இறந்த பிறகும் புதன்கிழமைதோறும் அதுவே வழக்கம். இதையெல்லாம் தேவயானியே தன் குறிப்பில் நாற்பத்தாறாம் பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். கோடு போட்ட அதே கையால்தான் தன் தாள்கட்டைக் கொண்டுபோய் அந்தப் பெஞ்சில் வைத்திருந்தாள்.

நாற்பத்தாறாம் பக்கத்தில் இப்போது ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

அவள் வேலூரில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தின் காப்பாளர். அங்கே ஒரே ஒரு அறை காலி. அது ஜீவானந்தத்தின் ஓவியங்களுக்கா, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் சேர்த்த பூட்டுகளுக்கா என்று திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யும். தன் படங்களை அருங்காட்சியகமே வைத்துக்கொள்ளலாம் என்று ஓவியர் கையெழுத்திட்ட தாள் இல்லாவிட்டால் அறை பூட்டுகளுக்குத்தான். அந்தத் தாள் உட்பட முக்கியமான பதினொன்றையும் குழுவுக்காகக் கட்டின் மேலாக அடுக்கியிருந்தாள். போனில் ஒரு படம் எடுத்து வைக்கலாம் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டும் இருந்தாள்.

இப்போது கூடத்தை நடத்தும் நர்ஸ் ஈஸ்வரியிடம் போய்க் கெஞ்சினாள்.

"ஐயா போட்ட சட்டம் உங்களுக்குத் தெரியாததா மேடம்? வரைஞ்சது வரைஞ்சவங்களுக்கு. கேட்டு வாங்கக்கூடாது. படத்துக்குப் படம் மாத்திக்கலாம்."

"எனக்கு வரைய வராதுங்க."

"அப்புறம் இன்னாத்தப் பத்தி நானூறு பக்கம் எழுதிக்கீறீங்க?"

தேவயானி ஒரு வண்ணப்பெட்டியையும் பழைய தாள்களையும் எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஆடு சுலபம் என்று நினைத்து ஆடு வரைந்தாள். கயிற்றுக் கட்டில் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். மூன்றாவது ஆட்டுக்கு ஐந்து கால் வந்துவிட்டது. தன் வாத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்ட அன்பரசி, ஒன்று உபரியாக இருந்தால் நல்லதுதானே என்று ஆறுதல் சொன்னாள். ஏழாவது ஆட்டில் தேவயானி நாக்கைக் கடித்துக்கொண்டு வரைவதையும், மதியச் சாப்பாட்டை மறந்துபோனதையும் ஈஸ்வரி கவனித்துச் சிரித்தாள். பத்து ஆடுகள் போய்ப் பத்துத் தாள்கள் வந்தன. பதினொன்றாவதைக் காணோம். கையெழுத்துப் போட்ட தாளே அதுதான். அதில் வரைந்த பச்சையம்மா, கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள் என்றார்கள்.

பச்சையம்மாவின் மகன் வெற்றிவேல் சாமை கொள்முதல் சங்கத்தில் வேலை பார்ப்பவன். ஈஸ்வரி போன் செய்ததும் பைக்கில் வந்து தேவயானியைக் கூட்டிப்போனான். அவர்கள் போய்ச் சேருவதற்குள் தாளைச் சாமைக் கஞ்சி தடவி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. தாள் நிறைய ஒரு பலாப்பழம். அதன் காம்போரத்தில் ஓவியரின் கையெழுத்து பாதி தெரிந்தது.

தேவயானி ஆடு ஒன்று தருவதாகச் சொன்னாள்.

"ஆடு வாணாம். நாலு ஆடு வூட்டாண்டயே கீது." பச்சையம்மா மகனைப் பார்த்தாள். "இவன வரைஞ்சு குடு. போட்டோ புடிச்சா கண்ண மூடிக்கிறான். பொண்ணு வூட்டுக்கு அனுப்ப ஒரு படம் வோணும்."

"யம்மா…" என்றதோடு வெற்றிவேலின் எதிர்ப்பு முடிந்தது. போய் உரல்மேல் உட்கார்ந்தான்.

கண் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக அவன் இமைக்காமலே இருந்ததில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இமைக்கலாம், இது போட்டோ இல்லை என்று தேவயானி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. காதை வரைவதென்றால் காதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அவள் பார்க்கப் பார்க்க அது சிவந்துகொண்டே போனது. அவளிடமோ சிவப்பு தீர்ந்துவிட்டது. ஒரு மணி நேரமாக ஒரு மனிதனின் முகத்தை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ மூக்கு வேறு எங்கேயோ போய்விட்டது.

பச்சையம்மா படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டு கண்ணும் தொறந்துகீது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பலாப்பழத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் உரித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கையெழுத்துக்குப் பக்கத்தில் இது என்ன என்று கேட்டார். பலாப்பழம் என்றாள். நடந்ததையும் சொன்னாள். தாள் கை மாறி மாறி மேசையைச் சுற்றி வந்தது. பழைய கடிதங்களோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து அறையை ஓவியருக்கே கொடுத்தார்கள். பூட்டுகளுக்கு மாடிப்படிக்கு அடியில் இடம் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து வெற்றிவேல் போன் செய்தான்.

"நீங்க வரைஞ்ச படத்தப் பாத்துட்டு செங்கத்துக்காரங்க பொண்ணு இல்லன்ட்டாங்க."

தேவயானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க."

"இன்னாத்துக்குங்க மன்னிப்பு?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த மாசத்துக்குக் கண்ணமங்கலத்துலேர்ந்து படம் கேட்டுக்கீறாங்க. அவங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுப்பீங்களா?"

தேவயானி நாட்காட்டியை எடுத்துப் புரட்டினாள்.

"அதுக்கு நீங்க நேர்ல வந்து உக்காரணும்" என்றாள். "மூக்கை இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டுர்றேன்."