நீலக் காக்கைக்கு வேர்க்கடலை

மேசைக்கு அடியில் புகுந்து, யாரோ சிந்திவிட்டுப் போன சிப்ஸ் தூளை டோரீன் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மகளின் கார் முகாமுக்குள் நுழைந்தது. மூன்று வருஷம் கழித்துப் பார்க்க வருகிற மகளுக்கு முதலில் முகத்தைக் காட்டியிருக்கலாம். காட்டியது வேறு பக்கத்தை. அவசரமாக எழுந்ததில் மேசை விளிம்பு மண்டையில் இடித்தது. சம்பளமில்லாத வேலையில் இப்படிச் சில சலுகைகள் உண்டு.

கோடை முழுக்க, சுற்றுலா வருகிறவர்கள் கூடாரம் அடிக்கும் இந்த ரெட்வுட் மரக் காட்டு முகாமில், அவள் குடியிருக்கும் டிரெய்லர் வண்டியை நிறுத்த இலவச இடம், ஓர் ஆரஞ்சுச் சட்டை, ஒரு வாக்கி டாக்கி. பதிலுக்கு, தரையில் ஒரு துணுக்கு உணவு கிடக்கக்கூடாது. துணுக்குக்கு ஜே வரும். கொண்டை வைத்த நீலக் காக்கை. ருசி கண்டால் கூட்டமாகத் தங்கிவிடும். தின்பண்டம் தீர்ந்ததும் மரத்தின் உச்சிக்குப் போய்த் தேடும். அங்கே மர்ரலெட் என்ற கடற்பறவை, பாசி படர்ந்த கிளையில், வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். போன ஜூனில் ஒரு கூடாரத்தின் பக்கத்தில் டோரீன் பாதி முட்டையோட்டைக் கண்டெடுத்தாள். இளம்பச்சையில் கரும்புள்ளிகள், நடுவில் அலகு போட்ட ஓட்டை. அன்றிலிருந்து அவளுக்கு எல்லார்மேலும் கோபம். முகாமுக்கு வரும் குழந்தைகள் வைத்த பெயர் ‘துணுக்குக் கிழவி’. அதைக்கூட அவள் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மகள் கெல்சி இறங்கினாள். காரின் மறுபக்கக் கதவும் திறந்தது. லாய்ட். டோரீனின் முன்னாள் கணவன்.

“கோவிச்சுக்காதம்மா. சொன்னா வேண்டாம்னுடுவே. உங்க ரெண்டு பேரையும் ஒரே மேசையில வச்சு ஒரு வேளை சாப்பிடணும். அவ்வளவுதான்.”

“டோரி, அந்தச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு,” என்றான் லாய்ட். “ரோட்டுல பள்ளம் தோண்டினா எச்சரிக்கைக்கு உன்னையே நிறுத்திடலாம்.”

டோரீன் அதை விழுங்கிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் வலது கையைத் தூக்கி, ஒரு துணுக்கும் சிந்தமாட்டேன், பறவைக்கு எதையும் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். இது அவளே ஏற்படுத்திய வழக்கம். லாய்ட் கையைத் தூக்கி அழுத்தம் திருத்தமாகச் சொன்னான். யுரேகா ஊர்த் தேவாலயத்தில் வேறொரு சத்தியத்தையும் இதே குரலில்தான் சொல்லியிருந்தான்.

கூடாரம் அடித்துவிட்டு மூவரும் ஓடையோரம் நடந்தார்கள். பெரணிகள் இடுப்பளவு நின்றன. பழைய தீயில் குடைந்துபோன மரப்பொந்துக்குள் மூவரும் நெருக்கியடித்து நின்றபோது, கெல்சி வேலையைப் பற்றியும், விட்டுப்போன காதலனைப் பற்றியும் தானாகவே பேசினாள். குறுக்கே ஒரு புத்திமதிகூடச் சொல்லாமல் டோரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கு இந்த அனுபவத்துக்குப் பழக்கப்பட்டதல்ல.

முகாமுக்குத் திரும்பியதும் டோரீன் டிரெய்லருக்குப் போய், காலையிலிருந்து கொதித்த மீன் சூப்பை எடுத்து வந்தாள். வந்து பார்த்தால், லாய்ட் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளங்கையில் வேர்க்கடலை. மணிக்கட்டில் ஒரு ஜே. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் போனில் படம் எடுக்கிறார்கள். கெல்சி எட்டு வயதில் சிரித்த மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் டோரீன் காலையிலிருந்து அடுப்படியில் நின்றது. அது நாலு கடலைக்கு வந்துவிட்டது. என்றைக்கும் இப்படித்தான். அவன் நாய்க்குட்டி வாங்கி வருவான், இவள் தரை துடைப்பாள். அவன் படுக்கப்போகிற நேரத்தில் ஐஸ்கிரீம் கொடுப்பான், இவள் பல் தேய்க்கச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவாள்.

“கையை மடக்கு லாய்ட்.”

“ஒரே ஒரு கடலை. காட்டுப் பறவை காட்டுல சாப்பிடுது.”

“இந்தக் காட்டுல எங்க வேர்க்கடலை காய்க்குது?” அவள் குரல் உயர்ந்தது. “இன்னிக்கு ஒண்ணு வரும். நாளைக்கு இருபது. மேல ஒருத்தி ஒரே ஒரு முட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.”

“உன்னை மாதிரியா? எங்களையும் கிட்ட விடாம?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெல்சியும் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள்.

பறவைக்கு ஊட்டினால் முகாமை விட்டு வெளியேற வேண்டும், அதுதான் விதி. போன வாரம்தான் கேக் துண்டு போட்ட ஒரு குடும்பத்தை, பிறந்தநாள் தொப்பியோடு, டோரீன் அனுப்பியிருந்தாள். வாக்கி டாக்கியை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

“அம்மா, வேண்டாம். நாங்க ஒரே கார்ல வந்தோம்.”

“நீ இரு. அவனை நான் பஸ்ல ஏத்தி விடறேன்.”

“அவரைத் தனியா அனுப்பிட்டு நான் இங்க சூப் குடிக்கணுமா? யாரையாவது வெளிய தள்ளினாத்தான் உனக்குச் சாப்பாடு இறங்குமா?”

எச்சரித்து விட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. இன்று ராத்திரி மகள் பத்தடி தூரத்தில் தூங்குவாள். டோரீன் இதை நினைத்துக்கொண்டிருந்த அந்த நொடியில் லாய்ட் கண்ணடித்தான், ‘நீ செய்யமாட்டே’ என்பதுபோல.

அவள் பொத்தானை அமுக்கினாள்.

“கடலை போட்டுட்டாங்க. அனுப்பணும்.”

“சரி, காலி பண்ணச் சொல்லு,” என்றது வனக்காவல் ரேஞ்சரின் குரல். “தகராறு பண்ற ஆளுங்களா?”

“என் குடும்பம்,” என்றாள் டோரீன்.

வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லாய்ட் மிச்சக் கடலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கெல்சி கூடாரத்தை மடிக்காமலே சுருட்டிக் காருக்குள் எறிந்தாள். சூப்பின்மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. கார்க் கதவில் கை வைத்தபடி கெல்சி திரும்பினாள்.

“மேல முட்டை வச்சிருக்கிற அந்தப் பறவையை நீ பாத்திருக்கியா? உயிரோட, ஒரு தடவையாவது?”

“இல்ல.”

“என்னைப் பாத்திருக்கே.”

கார் கிளம்பியது. டோரீனுக்குப் பதில் அப்புறம்தான் வந்தது, அதுவும் ஒன்றல்ல, பத்துப் பதினைந்து, எல்லாமே கெட்ட வார்த்தை கலந்து. யாரிடம் சொல்ல? ஜே மேசைமேல் வந்து குதித்தது. அவள் பாத்திர மூடியை அதன்மேல் வீசினாள். படவில்லை. படாததிலும் கோபம்தான் வந்தது.

கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. உச்சி இலைகளிலிருந்து சொட்டத் தொடங்கிய நீர், கூடாரம் இருந்த இடத்தில் உலர்ந்து கிடந்த சதுரத்தைப் புள்ளி புள்ளியாக நனைத்தது. சாலை வளைவில் எதிரே வண்டி எதுவும் இல்லை, மானும் இல்லை. ஆனாலும் காரின் பிரேக் விளக்குகள் எரிந்தன. பனிக்குள் இரண்டு சிவப்பு வட்டங்கள் நகராமல் நின்றன. டோரீனும் நகரவில்லை.