திங்கட்கிழமைப் படகு

ஐந்து நாளும் மழை. ஆர்டல் ஏரிக்கரையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு ஜன்னலிலிருந்து தண்ணீர் தெரிந்தது, நனைந்த செம்மறியாடுகள் தெரிந்தன. எதிர்க்கரையில் இருக்க வேண்டிய கோர்ரா மலை மட்டும் தெரியவே இல்லை. என் அக்கா நெட்டா அதற்காகத்தான் கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்தாள். அந்த மலையின் மடியில், மூன்று பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு குட்டி ஏரி இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அடுத்த வாரம் மகளோடு வாழ ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள். திங்கள் காலை எங்கள் பஸ். இப்போது பார்க்காவிட்டால் இனி இல்லை.

ஆறாம் நாள் காலை அவள் போட்ட கூச்சலில் நான் கட்டிலிலிருந்து விழாத குறை.

“ரீனா! எழுந்திருடி! மலை வந்திருக்கு!”

வந்திருந்தது. உச்சியிலிருந்து அடிவரை கழுவித் துடைத்தாற்போல் நின்றது. ஏரிக்குள் தலைகீழாக இன்னொன்று. நெட்டா இரவு உடையின் மேலேயே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த படகுத்துறைக்கு ஓடினாள். அக்கரைக்குச் சாலை கிடையாது. இருந்த ஒரே படகு, நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஃபார்க்கருடையது. அவர் கறுப்புக் கோட்டும் கையில் வேதாகமமுமாக வாசலில் நின்றிருந்தார்.

“ஃபார்க்கர், கிளம்புங்க! இன்னிக்கு விட்டா கிடைக்காது!”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா.”

விடுமுறையில் எங்களுக்குக் கிழமையே மறந்துபோயிருந்தது. ஃபார்க்கர் ஊர்த் தேவாலயத்தின் சபை மூப்பர்; ஞாயிறு ஓய்வுநாளில் எந்த வேலையும் தொடாதவர்.

“யாருக்காவது உடம்பு முடியலைன்னா படகை எடுப்பேன். ஆடு தண்ணில விழுந்தாலும் எடுப்பேன். ஊர் சுத்திப் பாக்க எடுக்க மாட்டேன். கர்த்தரோட நாளு.”

“அந்த மலையைப் படைச்சதும் அவர்தானே? போய்ப் பாத்தா கோவிச்சுக்குவாரா?”

“பாக்கறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இங்கேருந்தே பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நெட்டாவுக்கு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்தினார். “படகுக்குப் பூட்டு இல்லம்மா. துடுப்பும் உள்ளேதான் கிடக்கு. நீங்களா எடுத்தா நான் தடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஆலயத்துக்கு நடந்தார்.

நெட்டாவுக்குத் துடுப்புப் போடத் தெரியும். ஒரு காலைப் படகுக்குள் வைத்துவிட்டாள். தேங்கிய மழைநீர் கணுக்கால்வரை ஏறியது. அப்படியே நின்றாள். ஃபார்க்கரின் மனைவி டொலீனா ஜன்னலில் தெரிந்தாள். ஓய்வுநாளில் கத்தியைத் தொடக்கூடாது என்று சனிக்கிழமையே உருளைக்கிழங்கைத் தோல் சீவி வைக்கிறவள். ஐந்து நாளும் எங்கள் காலணிகளை அடுப்போரம் வைத்து, திருப்பித் திருப்பிக் காயவைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

நெட்டா காலை வெளியே எடுத்தாள்.

“தடுத்திருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்டி. பாழாப்போன மனுஷன், தடுக்கலையே!”

நாங்களும் ஆலயத்துக்குப் போனோம். வாத்தியம் எதுவும் இல்லாமல் வேதாகமச் சங்கீதங்களைப் பாடினார்கள். அந்த நீண்ட பிரசங்கம் முழுவதும் நெட்டாவின் கண் ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் மின்னிய மலைமேல்தான் இருந்தது. மாலையில் பெட்டியைக் கட்டினாள்.

கதவு தட்டப்பட்டபோது வானம் பால்நிறத்துக்கு வந்திருந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் வடக்கே இரவு என்பது பேருக்குத்தான்.

“திங்கட்கிழமை வந்தாச்சு! சீக்கிரம் வாங்க!” ஃபார்க்கரின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. “பன்னண்டு அடிச்சதும் எழுந்து படகுத் தண்ணிய இறைச்சுட்டேன். அதுக்கு முன்னாடி தொட முடியாதே!”

டொலீனா ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டி நீட்டினாள். இரக்கம் காட்ட ஒருவன் தன் பக்தியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சில சமயம் சீக்கிரம் எழுந்தால் போதும்.

துடுப்பின் சத்தம் மட்டும். அக்கரையில் இறங்கியதும் நெட்டா மான்குட்டிபோல் முன்னால் ஓடினாள். சேற்றில் முழங்கால்வரை புதைந்து, சிரித்துக்கொண்டே எழுந்தாள். மூச்சிரைக்க மூவரும் மேலே ஏறினால், எல்லாம் வெள்ளை! குட்டி ஏரி இருந்த இடத்தில் மூடுபனி அடைத்துக்கொண்டு நின்றது.

“பஸ்ஸு...” என்றேன்.

“டிரைவர் என் மச்சான்தான். கொஞ்சம் நிப்பான்,” என்றார் ஃபார்க்கர்.

“அவரும் ஞாயித்துக்கிழமை வண்டி தொட மாட்டாரோ?” என்றாள் நெட்டா.

“தொடுவான். அவனுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்.”

அவள் சிரித்த சிரிப்பு எங்கேயோ ஒரு பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தோம். வெயில் உள்ளே நுழைந்து பனியைத் திரைபோல் தூக்கிக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர். பிறகு ஒரு சுவர், இன்னொன்று, மூன்றாவது. மூன்றும் ரோஜா நிறத்தில் எரிந்தன.

நெட்டா ஃபார்க்கரின் கையைப் பிடித்து உலுக்கினாள். “பாத்தீங்களா? பாத்தீங்களா!”

அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“இல்லம்மா,” என்றார். “இதுவரைக்கும் பாத்ததில்ல. இந்த நேரத்துல நானும் வந்ததே இல்ல.”