கொம்பன் செத்த அத்தியாயம்

கொம்பனைக் கொன்றது ஒரு புதன்கிழமை காலை. தலைதுவட்டிய ஈரத்துண்டு தோளில் கிடக்க, சின்னவள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரே மூச்சில் அவனைத் தீர்த்துக் கட்டினாள்.

கொம்பன் என்பவன் தலையில் மான்கொம்பு முளைத்த ஆள். காட்டுக்குக் காவல். காட்டோரம் ரொட்டிக்கடை வைத்திருக்கிற சூனியக்காரியைப் பார்க்கச் சாயங்காலமானால் வந்துவிடுவான். நிலையில் கொம்பு இடிக்கும். அவள் சிரிப்பாள். ஒரு கிண்ணம் சூப் கொடுப்பாள். செல்போனில் வெளிவரும் அந்தத் தொடரில் எண்பத்தாறு அத்தியாயமாக நடந்தது இவ்வளவுதான்.

எழுதுவது தான்தான் என்று சின்னவள் அக்காவிடம் மூச்சுவிட்டதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. இலக்கியத்தில் முதுகலை. படித்துக் கிழித்தது சூனியக்காரிக்கு மாப்பிள்ளை தேடத்தானா என்று யாராவது கேட்டுவிட்டால்? கேட்டேவிட்டார்கள். கூடப் படித்தவன் ஒருத்தன், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், எப்படியோ மோப்பம் பிடித்து நாலு பேர் முன்னால் சிரித்தான். "என்னம்மா, உன் மாட்டுக்காரன் எப்படி இருக்கான்?" அவனுக்கு அப்பா, தாத்தா எல்லாம் புத்தக அலமாரியோடு பிறந்தவர்கள். சின்னவளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. எனக்கும் எழுதத் தெரியும்டா என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அந்தத் தொடரை உயிராகப் படித்தது அக்கா. தையல் ஆலையில் காலர் வைக்கிறவள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வெட்டுமேசைக்குப் பின்னால் கால்நீட்டி உட்காரும் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு வாய்விட்டுப் படிப்பாள். காலையிலிருந்து ஊசிமுனையைப் பார்த்த கண்களுக்கு எழுத்தைப் பார்க்கத் தெம்பு கிடையாது. மிச்சமிருப்பது காதுதான்.

"அதுல ஒண்ணுமே நடக்கலையேக்கா" என்று ஒருநாள் சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"நடக்காம இருக்கறதுக்குத்தான்டி படிக்கிறோம். அவன் வந்துடுவான்னு தெரியும். ஒருத்திக்காவது சாயங்காலம் ஆள் வீடு வந்து சேருதே."

மாமா வந்து சேராமல் போய் மூன்று வருஷம். கட்டட வேலையில் சாரம் சரிந்தது. அதற்கப்புறம் அக்கா அழுத நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அழுகையையும் சேர்த்து மிஷினில் வைத்துத் தைத்துவிட்டாள் போல.

எண்பத்தேழாம் அத்தியாயத்தில் கொம்பன் மேல் மரம் விழுந்தது. காக்கை வந்து சூனியக்காரியிடம், பதறாமல் கொஞ்சம் வந்துட்டுப் போ என்றது. அவள் அப்போது அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை தேய்த்தாகிவிட்டது. சரி வரேன் என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையையும் மடிப்பு விழாமல் தேய்த்து, பொத்தான் போட்டு, மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

அந்தப் பத்தியை எழுதியதும் சின்னவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது சிரிடா பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கொம்பன் செத்துட்டான்டி."

"யாருக்கா?" என்றாள் சின்னவள். கடைசிப் பொய்.

"பொத்தான் தைக்கிறவ இருக்காளே, வாயாடி, அவ மூக்கைச் சிந்திக்கிட்டே, கதை எழுதினவ நாசமாப் போகன்னா. நான்தான் அதட்டினேன், அப்படிச் சொல்லாதடின்னு."

"ஏன் அதட்டினே?"

"மாமா போன அன்னைக்கு வீட்ல நீயும் நானும்தானே இருந்தோம்." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "போன் வந்தப்புறமும் நான் இன்னொரு கையைத் தேச்சேன். அம்மாகிட்டக்கூட நான் சொன்னதில்ல. பைத்தியக்காரின்னு நினைப்பாங்கன்னு."

அந்த நேரத்திலும் சின்னவளுக்கு, நல்லா வந்திருக்கா என்று கேட்கத் துடித்த நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

"எண்பத்தாறும் நீதானா?"

தலையாட்டினாள்.

"எவ்வளவு ஆசையா எழுதியிருக்கே. சொல்லியிருந்தா ஆலை பூரா தமுக்கடிச்சிருப்பேனே, பாவி. இதுக்குப் போய் வெட்கப்பட்டியா?"

"நிஜம் அப்படித்தான்க்கா இருக்கும்" என்றாள் சின்னவள். குரல் தானாகவே உயர்ந்தது. "எத்தனை நாளைக்குத்தான் ரொட்டி வெந்துக்கிட்டே இருக்கும்? அது ஏமாத்து வேலை."

"நிஜத்தை நீ எனக்குச் சொல்லிக்குடுக்கிறியா?"

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் விடியும்போதே சின்னவள் உட்கார்ந்தாள். மந்திரம் இருக்கிற கதைதானே, என்ன கேடு. பாசியைப் பிழிந்து வாயில் விட்டாள் சூனியக்காரி. கொம்பன் கண்விழித்தான். நிலையில் இடித்துக்கொண்டே வந்தான். தொடரைப் படித்தவர்கள் போனில் கைதட்டல் படங்களாய்க் கொட்டினார்கள்.

ஆலையிலும் அப்படித்தான் என்றாள் அக்கா அன்று சாயங்காலம், அரிசியைக் களைந்தபடி. "வாயாடி எழுந்து ஒரு சுத்து ஆடினா. சூப்பர்வைசர் வந்து, என்னம்மா இங்க கல்யாணமான்னு கேட்டுட்டுப் போனார்."

"உனக்கு?"

அக்கா கழுநீரை வடித்தாள். மறுபடி தண்ணீர் விட்டாள்.

"படிச்சேன். நிலையில ஏதோ இடிக்கிற சத்தம்னு வந்தது பாரு, அந்த வரியிலேயே நின்னுட்டேன். அவனா, காக்காயான்னு. முன்னெல்லாம் அந்த இடம் வந்தா எனக்குத் தோள் ரெண்டும் தளரும்டி. அந்த இருபது நிமிஷம்தான் அப்படி."

"இனிமே அவனுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. சத்தியமா."

"தெரியும். நல்லாத்தான் எழுதுவே." கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நாளையிலேருந்து வாயாடியைப் படிக்கச் சொல்லியிருக்கேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பா, ஆனா படிச்சிடுவா. நீ பாட்டுக்கு எழுது, நிறுத்திடாத. அதுங்க பாவம்."

"நீ?"

"நான் அந்த நேரம் கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்."

சின்னவள் அடுப்பைப் பற்றவைக்கும் சாக்கில் பக்கத்தில் போய் நின்றாள். படித்த படிப்பெல்லாம் சேர்ந்தும் ஒரு வாக்கியத்தைத்தான் தேடிக் கொடுத்தது.

"ஒவ்வொரு அத்தியாயமும் போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிடட்டுமாக்கா? என்ன நடக்கும்னு?"

அக்கா பானையை அடுப்பில் ஏற்றினாள். மூடியைத் தேடி எடுத்து, பொருந்துகிறதா என்று பார்த்து மூடினாள்.

"நீ சொன்னா நான் நம்பணுமேடி" என்றாள்.