பதினெட்டு வால்கள்

"நோயாளி கையெழுத்துப் போடுற தாள்ல, ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பக்கத்துலயும் தமிழ்ல அர்த்தம் எழுதணும் சார். எல்லாத் தாள்லயும். இன்னையிலேர்ந்து."

நிர்வாகியிடம் கேட்டேவிட்டேன். இந்த மருத்துவமனையின் தட்டச்சு அறையில் சேர்ந்த முதல் நாளே அறைத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் கேட்டாளாம். அவள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் இன்னும் அலமாரி மேல் தூசி பிடித்து நிற்கிறது. அம்மாவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் சுருக்கமாக: "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடீ. எனக்கும் அங்கதான் வேலை."

அம்மா அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தரை துடைக்கிறாள். பதினாறு வருடமாக. எனக்கு இந்த வேலை கிடைத்ததே, நிர்வாகியின் அறையைத் துடைக்கப் போகும்போதெல்லாம் "என் பொண்ணு பி.ஏ. முடிச்சிருக்கா சார்" என்று அவள் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்துப்போனதால்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் மாத்திரைப் பெட்டியிலிருந்து ஷாம்பு பாக்கெட் வரை எதில் ஆங்கிலம் இருந்தாலும் என் மடியில் வந்து விழும்.

நிர்வாகி உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. என் தோளைப் பார்த்தார்.

"வேலை நேரத்துல பையை மாட்டிக்கிட்டு வந்திருக்கியேம்மா, எதுக்கு?"

அதற்குப் பதில் கடைசியில் வரும். அவர் என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. அது எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால்தான் புரியும்.

டாக்டர்கள் பேசி வைத்ததைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்வது என் வேலை. முதல் இரண்டு மாதம் கிளிப்பிள்ளை மாதிரி அடித்தேன். மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம், வரிசையாக நாலு கோப்புகள் வந்தன. அப்பெண்டிசைட்டிஸ். டான்சிலைட்டிஸ். காஸ்ட்ரைட்டிஸ். ஆர்த்ரைட்டிஸ். குடல்வால், தொண்டை, வயிறு, மூட்டு. உறுப்பு நாலு, சொல்லின் வால் ஒன்று. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு அகராதியைப் பிரித்தேன். ஐட்டிஸ் என்றால் அழற்சி, அதாவது சிவந்து வீங்கி எரிவது. அவ்வளவுதான்! மற்றதையும் தேடினேன். எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. ஸ்கோப்பி, கருவி விட்டு உள்ளே பார்ப்பது. ஆல்ஜியா, வலி. பிளாஸ்டி, சீர்செய்வது. ஈமியா வந்தால் ரத்தத்தில், யூரியா வந்தால் சிறுநீரில். சாயங்காலத்துக்குள் ஒன்பது வால்கள். சனிக்கிழமைக்குள் பதினெட்டு. அந்த வாரம் அடித்ததில் பாதி பிழை.

மூன்று வருடம் கல்லூரியில் ஆங்கிலம் படித்தேன், ஒரு ஆள் இதைச் சொல்லவில்லை. கோபமும் சந்தோஷமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. நம் மொழியில் மட்டும் என்ன? வந்தாள், வருவாள், வரமாட்டாள். ஆள் யார், காரியம் நடந்ததா இல்லையா, எல்லாம் கடைசியில்தானே இருக்கிறது! கடைசி வரை காது கொடுத்துக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வாரப் பாடம்.

வீட்டுக்கு ஓடிவந்து, வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "டிஸ்ஸுன்னு முடிஞ்சா வீக்கம், எக்டமின்னு முடிஞ்சா அறுத்து எடுக்கிறது. இதுக்கா உன்னை அவ்ளோ படிக்க வெச்சேன்?" என்றாள். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக விரல் மடக்கிக் கணக்குச் சொன்னாள்: இன்றைக்கு மூன்று டிஸ், இரண்டு ஸ்கோப்பி, புதிதாக ஒரு ஈமியா. டாக்டர்கள் சுற்றி வரும்போது துடைப்பத்தோடு பின்னாலேயே போய்க் காதால் பொறுக்கியிருக்கிறாள். ஓர் எழுத்துகூட ஆங்கிலம் தெரியாது. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

பிறகு அந்தப் பெரியவர். வெளிநோயாளி பெஞ்சில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார் என்று அம்மா என்னைத் தட்டச்சு அறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சீட்டில் ஆர்த்ரால்ஜியா என்று இருந்தது. மகன்களை எல்லாம் வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார் மனுஷன்.

"மூட்டு வலி, ஐயா," என்றேன்.

"அதைத்தானேம்மா நான் உள்ள போய்ச் சொன்னேன்?"

"ஆமா."

"நான் சொன்னதையே எனக்கு இங்கிலீஷ்ல திருப்பிக் குடுத்தாங்களா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பெரியவர் முழங்காலில் ஓங்கி ஓர் அடி அடித்து, வலித்ததும் அவரும் சிரித்தார். எல்லா வாலையும் எழுதிக் கொடு என்று விடாப்பிடியாக நின்றார். அப்படிப் பிறந்ததுதான் என் தாள். பதினெட்டு வால், பக்கத்தில் தமிழ். அடியில் ஒரு வரி: 'இது பதில் இல்லை. இதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேள்வி கேளுங்கள்.' வாசலுக்கு எதிரே இருக்கும் நகல் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஒரு பிரதியைக் கடையிலேயே வைத்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் அது ஆயாக்களின் பையில், லிஃப்ட் இயக்குபவரின் சட்டைப் பையில், ஆம்புலன்ஸ் கண்ணாடியில் எல்லாம் வந்துவிட்டது.

நேற்று இரண்டாம் மாடியில் ஒரு பெண். புருஷனுக்குப் பித்தப்பைக் கல், சின்ன வேலைதான், எடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் தாளை நீட்டி, கோலிசிஸ்டெக்டமி என்று வாசித்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லியிருக்கிறாள்:

"எக்டமின்னா வெட்டி எடுத்துடுவாங்கம்மா. எதை எடுக்கிறாங்கன்னு கேட்டுட்டுப் போடு."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். கல்லை மட்டுமா, பையையே எடுப்பீர்களா? பை இல்லாமல் அவர் சாப்பிட முடியுமா? ஆறு கேள்வி கேட்டாளாம். டாக்டர் இறங்கி வந்து பொறுமையாகச் சொன்னதும், குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டாள். அறுவை நன்றாக நடந்தது. ஆனால் நாற்பது நிமிடம் தாமதம். பின்னால் இருந்த மூன்று அறுவைகளும் தள்ளிப்போயின. துடைக்கிறவள் வைத்தியம் சொல்கிறாள் என்று மேலிடத்துக்குப் புகார் போனது.

அதற்குத்தான் இந்த அழைப்பு. நிர்வாகி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் தாளின் ஒரு பிரதியை மேசையில் விரித்தார். சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"ஓமான்னா கட்டின்னு எழுதியிருக்க. கிளாக்கோமான்னு கண்ல ஒரு நோய் வருது. கண் நரம்பைக் கெடுக்கிற நோய். அது கட்டியாம்மா?"

எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. முகம் சுட்டது, அடுத்த நொடியே உள்ளே ஏதோ துள்ளியது. பையிலிருந்து நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினேன்: ஓமா, பெரும்பாலும் கட்டி, எப்போதும் இல்லை, கிளாக்கோமா வேறு. வேறு ஏதாவது விலக்கு இருக்கிறதா என்று ஆவலோடு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தப்பைக் காட்டினா சந்தோஷப்படுற?"

"என் தாள்ல ஒரு தப்பு இருக்கு சார். உங்க தாள்ல தமிழே இல்ல. தெரிஞ்சவங்க நீங்க எழுதுங்க, நான் என்னோடதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

எல்லாத் தாளிலும் அர்த்தம் போட்டால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை நாற்பது நிமிடம் போகும் தெரியுமா என்றார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் பக்கத்தில் ஒரு நாளாவது அவர் உட்கார்ந்திருக்கிறாரா?

பிறகு ஒரு கடிதத்தை நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ஆங்கிலத்தில். அம்மா அறியாமல் பேசிவிட்டாள், என் தாள் தவறானது, எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்கி ஒப்படைக்கிறேன், இனி எந்த நோயாளியோடும் இருவரும் பேச மாட்டோம். கையெழுத்துப் போட்டால் எனக்கு என் நாற்காலி. அம்மாவுக்குக் கீழ்த்தளம், நோயாளிகளே இல்லாத சலவைப் பிரிவு. போடாவிட்டால் இன்றைக்கே துப்புரவு காண்ட்ராக்டரிடம் சொல்லி அம்மாவை நிறுத்துவார்கள், என்னையும் சேர்த்து.

"உங்கம்மாவை நினைச்சுப் பாரும்மா."

நினைத்துத்தான் வந்திருந்தேன். காலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே அம்மா கேட்டுவிட்டாள், கையெழுத்துக் கேட்பார்கள், போட்டுவிடுவாயா என்று. உனக்காகப் போடுவேன் என்றேன். அவள் சாலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"பதினாறு வருஷமா அங்க குனிஞ்சே போயிட்டு வரேன். நேத்துதான் ஒருத்தி என்னை முகத்தைப் பார்த்து, 'அக்கா, அடுத்து என்ன கேக்கணும்'னு கேட்டா. எனக்காகவெல்லாம் போடாதே. துடைக்கத் தரையா கிடைக்காது?"

வந்து இறங்கியதும் துடைப்பம் வைக்கும் தடுப்பறையிலிருந்து தன் செருப்பையும் பிளாஸ்டிக் டம்ளரையும் எடுத்து என் பையில் திணித்தாள். பை ஏன் என்று அவர் கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான்.

கடிதத்தை மடிக்காமல், சுழற்றி, அவர் பக்கமாகவே திருப்பி வைத்தேன்.

"பதில் சொல்லிட்டுப் போம்மா."

"கேட்டது நான் சார். பதில் உங்ககிட்டதான் இருக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நடைபாதை அப்போதுதான் துடைத்த ஈரத்தில் மின்னியது. அதன் ஓரத்தில் அம்மா, வாளியும் துடைப்பமும் இல்லாமல், இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தாள்.

"போடலையே?"

"இல்ல."

"அப்போ ஏன்டீ இப்படி ஓடற?"

ஓமாவைத் திருத்த வேண்டும். நகல் கடையில் பழைய தாளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பழக்க தோஷம், ஈரத்தில் கால் தடம் படாமல் சுவரோரமாகவே நடந்தேன். வாசல் வந்ததும் வேகமெடுத்தேன்.